ஐந்தாண்டும் மூன்றாண்டும்: சட்டப் படிப்பில் எதை எப்போது படிப்பது?

பிளஸ் டூ முடிவுகள் வெளியாகும் வாரத்தில், பிள்ளையைச் சட்டம் படிக்கவைக்க நினைக்கும் வீடுகளில் ஒரே கேள்விதான் சுற்றிச்சுற்றி வரும். இப்போதே ஐந்தாண்டுப் படிப்பில் சேர்த்துவிடுவதா? முதலில் ஒரு பட்டம் வாங்கட்டும், பிறகு மூன்றாண்டுப் படிப்பில் சேரட்டும் என்று விடுவதா? பதில் சொல்பவர்கள் பெரும்பாலும் ஓராண்டுக் கணக்கோடு நிறுத்திக்கொள்வார்கள். அங்கே ஐந்து, இங்கே மூன்றும் மூன்றும் ஆறு. ஆகவே ஓர் ஆண்டு மிச்சம். கணக்கு சரிதான். ஆனால் அந்த ஆண்டுகளுக்குள் எந்தப் பாடம் எப்போது வருகிறது, அதற்குள் மாணவர் நீதிமன்றத்தை எவ்வளவு பார்த்திருப்பார், நடுவில் படிப்பு நின்றுபோனால் கையில் என்ன மிஞ்சும் என்பதையெல்லாம் அந்தக் கணக்கு சொல்லாது. சேர்ந்த பிறகு எதிர்கொள்ள வேண்டியவை அவைதாம்.

இரண்டிலும் சட்டப் பாடங்கள் ஒன்றே. இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகளின்படி கட்டாயத் தாள்கள் 20, செயல்முறைத் தாள்கள் 4, விருப்பத் தாள்கள் குறைந்தது 6. ஆக 30. மூன்றாண்டு மாணவர் இவற்றை 6 பருவங்களில், அதாவது பருவத்துக்கு ஐந்து தாள் என்ற வேகத்தில் முடிக்கிறார். ஐந்தாண்டு மாணவருக்கு 10 பருவங்கள் உண்டு. ஆனால் ஆங்கிலமும், அரசியலறிவியல், சமூகவியல், பொருளியல் போன்ற கலைப் பாடங்களும் அவருக்குக் கூடுதலாக வருகின்றன; பி.காம். எல்.எல்.பி. என்றால் கணக்கியலும் வணிகவியலும். அவை பெரும்பாலும் முன்பாதியில் அமைவதால், சட்டத்தின் பாரம் பின்பாதியில் வந்து இறங்குகிறது.

அரசு சட்டக் கல்லூரியில் எந்தப் பருவத்தில் எந்தத் தாள் என்பதைப் பல்கலைக்கழகம் வகுத்துவிடுகிறது. மாணவர் அதை மாற்ற முடியாது. மாணவர் கையில் இருப்பவை வேறு: எந்தப் பாடத்தைத் தானாக முன்கூட்டிப் படிப்பது, விடுமுறையில் யாரிடம் பயிற்சிக்குப் போவது, அரியர் விழுந்தால் எதை முதலில் தீர்ப்பது, விருப்பப் பாடத்தை எதற்காக எடுப்பது. திட்டமிடல் என்று இங்கே நான் சொல்வது இவற்றைத்தான். ஐந்தாண்டு மாணவருக்கும் மூன்றாண்டு மாணவருக்கும் இந்தத் திட்டம் ஒன்றாக இருக்க முடியாது என்பதே என் வாதம்.

முதலில், சேரும் முன்பே தெரிந்திருக்க வேண்டிய ஒரு விதி. ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பில் இடையில் நுழையவும் முடியாது, இடையில் ஒரு பட்டத்தோடு வெளியேறவும் முடியாது. 2008 விதிகள் இதை வெளிப்படையாகவே தடுக்கின்றன. மூன்றாம் ஆண்டு முடிவில் கலைப் பாடங்கள் அத்தனையும் தேறியிருந்தாலும் பி.ஏ. பட்டம் மட்டும் தனியே கிடைக்காது. குடும்பச் சூழலாலோ உடல்நலத்தாலோ நான்காம் ஆண்டில் படிப்பை நிறுத்துகிறவருக்குக் கையில் மிஞ்சுவது பிளஸ் டூ சான்றிதழ்தான். பட்டம் கேட்கும் எந்தப் போட்டித் தேர்வையும் அவர் எழுத முடியாது. மூன்றாண்டு மாணவருக்கு இந்த ஆபத்து இல்லை. முதல் பட்டம் ஏற்கெனவே அவர் பெயரில் இருக்கிறது. வருமானம் நிலையில்லாத குடும்பத்திலிருந்து வரும் முதல் தலைமுறைப் பிள்ளைக்கு, மிச்சமாகும் ஓராண்டைவிட இந்தப் பாதுகாப்பு பெரிதாக இருக்கலாம். ஐந்தாண்டுப் படிப்பில் சேரவே கூடாது என்று இதற்குப் பொருளில்லை. சேர்ந்தால் ஐந்தாண்டுக்கும் செலவுக்கு வழி இருக்கிறதா, உதவித்தொகை உண்டா, விடுதியில் இடம் கிடைக்குமா என்பதை முதல் நாளே பேசி முடித்துவிட வேண்டும் என்றுதான் பொருள்.

இரண்டு படிப்பும் எப்படி ஒன்றாக நிலைத்தன என்பதற்கு ஒரு சிறு வரலாறு உண்டு. 1891இல் தொடங்கிய சென்னைச் சட்டக் கல்லூரியின் மரபு, பட்டதாரிகளுக்குச் சட்டம் சொல்லிக்கொடுப்பது. பள்ளி முடித்தவுடன் ஐந்தாண்டு என்ற முறை 1980களில் வலுப்பெற்றது, என்.ஆர். மாதவ மேனன் தலைமையில் பெங்களூரில் உருவான தேசியச் சட்டப் பள்ளி அதற்கு நாடறிந்த முகமாயிற்று. மூன்றாண்டுப் படிப்பு அதோடு மறைந்துவிடும் என்று நினைத்தவர்களும் உண்டு. மறையவில்லை. ஐந்தாண்டுக்கு அடையாளமான அதே பெங்களூர் நிறுவனம் 2022இல் மூன்றாண்டுப் படிப்பையும் தொடங்கியது. தமிழ்நாட்டில் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் இரண்டும் அருகருகே நடக்கின்றன.

இனி ஐந்தாண்டின் முதல் இரண்டு ஆண்டுகள். பலருக்கு அவை காத்திருப்புக் காலமாகக் கழிகின்றன. சட்டம் படிக்க வந்தவருக்கு அங்கே சமூகவியலும் பொருளியலும். சட்டம் எப்போது வரும் என்று நாள் எண்ணுவதிலேயே மூன்று நான்கு பருவங்கள் ஓடிவிடுகின்றன. எனக்கு இது பெரிய இழப்பாகப் படுகிறது. அரசியலறிவியலில் இறையாண்மையையும் அதிகாரப் பிரிவினையையும் கருத்தோடு படித்தவருக்கு அரசமைப்புச் சட்டம் பாதி தெரிந்த பாடமாக வரும். சமூகவியலில் குடும்பம், சாதி, திருமணம் ஆகியவற்றைப் படித்தவர் குடும்பச் சட்டத் தாளில் வாரிசுரிமை விதிகளை வெறும் பட்டியலாகப் பார்க்கமாட்டார். சந்தை, ஏகபோகம், வரி என்று பொருளியலில் வந்தவை போட்டிச் சட்டத்திலும் வரிச் சட்டத்திலும் மறுபடி வரும். கலைப் பாடக் குறிப்பேட்டின் ஓரத்தில், இது பின்னால் எந்தச் சட்டத்துக்கு உதவும் என்று ஒரு வரி எழுதிவைக்கும் பழக்கமே போதும்.

மொழியும் அந்த இரண்டு ஆண்டுகளில்தான் கைக்கு வர வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்கல்வியில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு தரும் தமிழ்நாட்டின் 2021ஆம் ஆண்டுச் சட்டம் சட்டப் படிப்புக்கும் பொருந்தும். தமிழ் வழியில் படித்துவிட்டுப் பதினேழு பதினெட்டு வயதில் வரும் அந்தப் பிள்ளைக்கு ஆங்கிலத் தீர்ப்புகள் முதலில் மலைப்பாகத்தான் இருக்கும். உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். கீழமை நீதிமன்றங்களில் தமிழ் அலுவல் மொழி. இரண்டிலும் எழுதத் தெரிந்தவரே இங்கே முழு வழக்கறிஞர். அப்படிப் பார்த்தால் தமிழ் வழிப் பிள்ளை பாதியைக் கையில் வைத்துக்கொண்டே வருகிறார். மீதிப் பாதிக்கு ஐந்தாண்டுப் படிப்பு நேரம் தருகிறது. வாரம் ஒரு தீர்ப்பை எடுத்து, முதலில் வழக்கின் உண்மைகளை மட்டும் தமிழில் எழுதிப் பார்த்தால், இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் ஆங்கில நடை பிடிபட்டுவிடும். மூன்றாண்டு மாணவருக்கு இந்த அவகாசம் கிடைக்காது. முதல் பருவத்திலேயே அவர்முன் ஐந்து சட்டத் தாள்கள் நிற்கும்.

அந்த நெருக்கடியில் அவருக்கு உதவுவது, பாடங்களுக்கிடையே உள்ள உறவைத் தெரிந்துவைத்திருப்பது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். முதல் 75 பிரிவுகள் ஒப்பந்தத்தின் பொது இலக்கணம்: முன்மொழிவு, ஏற்பு, மறுபயன், மீறல், இழப்பீடு. 76 முதல் 123 வரை இருந்தவை 1930இல் சரக்கு விற்பனைச் சட்டமாகப் பிரிந்துபோயின. 124இலிருந்து ஈட்டுறுதி, உத்தரவாதம், ஒப்படைப்பு, முகவாண்மை. முதல் பகுதியில் அரியர் வைத்துக்கொண்டு இரண்டாம் பகுதியை எழுதுகிறவர் மனப்பாடத்தை மட்டுமே நம்ப வேண்டியிருக்கும். சொத்து மாற்றுச் சட்டமும் நிறுமச் சட்டமும் இதே அடித்தளத்தில் நிற்கின்றன. அரசமைப்புச் சட்டம் பிடிபடாமல் நிர்வாகச் சட்டம் பிடிபடாது. குற்றவியலில் தண்டனைச் சட்டம், நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் என்ற வரிசை. உரிமையியலில் நடைமுறைச் சட்டமும் காலவரம்புச் சட்டமும் தெரிந்த பிறகுதான் வழக்குரை எழுதப் பழக்கும் செயல்முறைத் தாளுக்குப் பொருள் உண்டு.

ஆகவே அரியர் தீர்க்கும் வரிசையும் இதையொட்டியே இருக்க வேண்டும். எளிதான தாளை முதலில் எழுதி எண்ணிக்கையைக் குறைப்பதுதான் மாணவர்களின் வழக்கம். அதை நான் ஏற்கவில்லை. ஒப்பந்தச் சட்டமும் சுற்றுச்சூழல் சட்டமும் நிலுவையில் இருந்தால் முதலில் எழுத வேண்டியது ஒப்பந்தம்; அதன்மேல் வேறு மூன்று தாள்கள் ஏறி நிற்கின்றன. ஐந்தாண்டு மாணவருக்குத் தவறைத் திருத்திக்கொள்ளக் கூடுதல் பருவங்கள் உண்டு. மூன்றாண்டில் அடிப்படைத் தாள் ஒன்று நின்றுபோனால் அடுத்த பருவத்திலேயே அதன் வலி தெரியும். வருகைப்பதிவும் அப்படித்தான். ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீதம் வேண்டும் என்பது விதி. தக்க காரணம் இருந்து, எல்லாப் பாடங்களையும் சேர்த்து 70 இருந்தால், ஒரு பாடத்தில் 65 வரை கல்லூரித் தலைவர் விலக்கு தரலாம். வேலை பார்த்துக்கொண்டே மூன்றாண்டுச் சட்டம் படித்துவிடலாம் என்று எண்ணி வருகிறவர்கள் இந்த விதியைச் சேரும் முன்பே படித்துவிடுவது நல்லது.

எல்லாவற்றையும்விட நீண்ட யோசனை தேவைப்படுவது பயிற்சிக்காலத்துக்கு. மூன்றாண்டுப் படிப்பில் குறைந்தது 12 வாரம், ஐந்தாண்டில் 20 வாரம் இன்டர்ன்ஷிப் முடித்திருக்க வேண்டும். எந்த ஆண்டிலும் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கூடாது. வகுத்துப் பார்த்தால் இரண்டிலும் ஆண்டுக்கு நான்கு வாரமே வருகிறது. ஐந்தாண்டு மாணவருக்கு 8 வாரம் கூடுதல் என்று தோன்றும். ஆனால் அந்த 8 வாரமும் சட்டம் அதிகம் தெரியாத முதல் இரண்டு ஆண்டுகளில் விழுகிறது. அதை எங்கே செலவிடுவது என்பதில்தான் அவருடைய திட்டம் தொடங்குகிறது.

விதிகளே இதற்கு இடம் தருகின்றன. தொண்டு நிறுவனம், உள்ளாட்சி அமைப்பு, சட்டமன்றம், விசாரணை நீதிமன்ற வழக்கறிஞர், மேல்முறையீட்டு வழக்கறிஞர், நீதித்துறை, நிறுவனங்கள் என்று பயிற்சிக்கான இடங்களை விரிவாகவே சொல்கின்றன. படிப்பு முடிவதற்குள் விசாரணை வழக்கறிஞரிடமும் மேல்முறையீட்டு வழக்கறிஞரிடமும் ஒரு முறையாவது இருந்திருக்க வேண்டும் என்பது கட்டாயம். முதலாண்டு ஐந்தாண்டு மாணவர் பெரிய சட்ட நிறுவனத்தின் வாசலில் போய் நிற்பதால் அதிகம் கற்கமாட்டார். ஊராட்சி அலுவலகத்தில் வரி, குடிநீர் இணைப்பு, வீட்டுமனை அனுமதி தொடர்பான கோப்புகளைப் பார்ப்பதும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு வரும் மக்களின் மனுக்களைப் படிப்பதும் அவருக்குப் பயன்படும். சாதாரண மனிதர் தன் குறையை எந்தச் சொற்களில் சொல்கிறார் என்று கேட்டுப் பழகிவிட்டால், பின்னாளில் அதை வழக்குரையாக மாற்றும்போது கை தடுமாறாது. இரண்டாம் ஆண்டில் சொந்த ஊரின் முன்சீப் நீதிமன்றத்துக்குப் போகலாம். நடப்பது பாதி புரியாது, பரவாயில்லை. வக்காலத்து, வாய்தா, கேஸ் கட்டு, இடைக்காலத் தடை கேட்கும் ஐ.ஏ. என்று காதில் விழுந்தவையெல்லாம் நான்காம் ஆண்டில் நடைமுறைச் சட்டம் வரும்போது இடம்பிடித்து உட்காரும்.

மூன்றாண்டு மாணவருக்கு இப்படிச் சுற்றிப்பார்க்கும் ஆண்டு இல்லை. முதல் நான்கு வாரமே விசாரணை நீதிமன்றத்தில் கழிய வேண்டும், அடுத்தது மேல்முறையீட்டில், கடைசி நான்கு வாரம் தொழில் செய்ய விரும்பும் துறையில். இதில் ஒரு முரண் உண்டு: நீதிமன்றத்தில் அன்றாடம் ஓடுவது நடைமுறைச் சட்டம், அது பாடமாக வருவதோ பொதுவாகப் பிந்தித்தான். அதனால் மூன்றாண்டு மாணவருக்கு நான் அழுத்திச் சொல்வது இதுதான்: முதல் பயிற்சிக்குப் போகும் முன் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் பேர் ஆக்டை, அதாவது விளக்கவுரை இல்லாத சட்ட மூலத்தை வாங்கி, வழக்குரையைப் பற்றிய கட்டளை 7, எதிருரையைப் பற்றிய கட்டளை 8, தற்காலிகத் தடையாணையைப் பற்றிய கட்டளை 39 ஆகிய மூன்றை மட்டுமாவது படித்துவிடுங்கள். தேர்வுக்காக இல்லை, சீனியரின் மேசையில் இருக்கும் கட்டைப் புரட்டும்போது எந்தத் தாள் எதற்கு என்று தெரிவதற்காக. அவருக்கு ஒரு பலமும் உண்டு. வயதில் மூத்தவர், ஒரு துறையைப் படித்துவிட்டு வந்தவர். வணிகவியல் பட்டதாரி இருப்புநிலைக் குறிப்பைப் பார்த்துத் திகைக்கமாட்டார். பொறியியல் படித்தவர் கட்டட ஒப்பந்த வழக்கின் வரைபடத்தைப் படிப்பார். எந்தச் சீனியரிடம் பயிற்சி கேட்பது என்பதை இந்தப் பலத்தை வைத்தே முடிவு செய்யலாம்.

நாள்காட்டியையும் பார்க்க வேண்டும். கல்லூரியின் கோடை விடுமுறை என்று மே மாதத்தைப் பயிற்சிக்கு ஒதுக்குகிறவர்கள் பலர். மே மாதத்தில் உயர் நீதிமன்றத்துக்கும் உரிமையியல் நீதிமன்றங்களுக்கும் கோடை விடுமுறை. அவசர மனுக்களுக்கு விடுமுறைக் கால அமர்வு மட்டும் இருக்கும். குற்றவியல் நடுவர் நீதிமன்றங்கள் இயங்கிக்கொண்டிருக்கும். ஆகவே மே மாதம்தான் கிடைக்கிறதென்றால் குற்றவியல் வழக்கறிஞரிடம் போவது பயன் தரும். உரிமையியல் விசாரணையைப் பார்க்க வேண்டுமானால் நீதிமன்றங்கள் திறக்கும் ஜூன் மாதத்து நாட்களைப் பிடிக்க வேண்டும். செயல்முறைத் தாளில் ஓர் உரிமையியல் வழக்கு, ஒரு குற்றவியல் வழக்கு என இரண்டு விசாரணைகளைப் பார்த்து எழுதுவதற்கு 30 மதிப்பெண் இருக்கிறது. கடைசி ஆண்டில் அவசரமாக யாரிடமோ வாங்கிப் பார்த்து எழுதிக் கொடுப்பது அந்தத் தாளையே வீணாக்குவது. ஒரு வழக்கின் சாட்சி விசாரணை பல வாய்தாக்களுக்கு நீளும். முதல் பயிற்சியிலேயே வழக்கு எண்ணைக் குறித்துவைத்தவர் பின்னால் போய்த் தொடர முடியும்.

சட்டம் நடுவழியில் மாறுவதும் இங்கே கணக்கில் வர வேண்டும். 2024 ஜூலை 1 அன்று பாரதிய நியாய சன்ஹிதா உள்ளிட்ட மூன்று குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. 511 பிரிவுகள் கொண்ட பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் இப்போது 358. கொலைக்கு 302 என்று ஊரே அறிந்த எண் 103 ஆயிற்று. அந்த நாளுக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும் என்பதால், இனி சில ஆண்டுகளுக்கு வழக்கறிஞருக்கு இரண்டும் தெரிய வேண்டும். படிப்பு நீளும்போது இப்படி மாற்றத்தின் நடுவில் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பும் கூடுகிறது. பழைய தண்டனைச் சட்டத்தைத் தேர்வெழுதி முடித்துவிட்டு, நடைமுறைச் சட்டத்தைப் புதிய வடிவில் படித்தவர்கள் ஐந்தாண்டு மாணவர்களில் உண்டு. இருபத்திரண்டு வயதில் அது சுமையாகத் தெரியலாம். பழைய கட்டுகள் நீதிமன்றத்தில் இருக்கும்வரை அது அவர்களுக்கு ஆதாயமே.

விருப்பத் தாள்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அரசமைப்பு, வணிகம், பன்னாட்டு வர்த்தகம், குற்றவியல், பன்னாட்டுச் சட்டம், வேளாண்மை, அறிவுசார் சொத்து என்று தொகுதிகளை விதிகள் வகுத்திருக்கின்றன. கல்லூரி எதை நடத்துகிறது என்பதைப் பொறுத்தே தேர்வு அமையும். மதிப்பெண் எளிதில் விழும் தாள் எது என்று மூத்த மாணவர்களைக் கேட்டு எடுப்பதைவிட, பயிற்சியில் எந்தக் கட்டைப் படிக்கும்போது நேரம் போனது தெரியவில்லை என்று நினைத்துப் பார்த்து எடுக்கலாம்.

கடைசி ஆண்டில் இரண்டு மாணவர்களும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறார்கள். வழக்கறிஞர் தொழில் செய்யத் தேற வேண்டிய அகில இந்திய பார் தேர்வு இருவருக்கும் உண்டு. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு அந்தத் தேர்வு செல்லும் என்றதோடு, இறுதிப் பருவ மாணவர்களையும் எழுத விடலாம் என்ற யோசனையையும் ஏற்றது. குறிப்பெழுதாத பேர் ஆக்ட் கொண்டுபோக அனுமதி உள்ள தேர்வு அது. வழிகாட்டி நூல்களிலேயே படித்துத் தேறியவர்கள் அங்கே பிரிவைத் தேடியே நேரத்தை இழப்பார்கள். வழக்கறிஞர் பதிவுக் கட்டணமாகப் பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேலும், பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேலும் மாநில பார் கவுன்சில்கள் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததால், ஏழை வீட்டுப் பிள்ளைக்கு ஒரு பெரிய தடை நீங்கியது. அதற்கு முந்தைய மாதம்தான், ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாகத் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் வலியுறுத்தியிருந்தது.

நீதிபதி ஆக விரும்புகிறவர்களின் நாள்காட்டி 2025 மே 20 அன்று மாறியது. உரிமையியல் நீதிபதி தேர்வு எழுத மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்ற பழைய நிபந்தனையை உச்ச நீதிமன்றம் அன்று மீட்டது. அந்த அனுபவம் தற்காலிகப் பதிவு நாளிலிருந்தே கணக்கில் வரும். பதினெட்டில் ஐந்தாண்டுப் படிப்பில் சேர்ந்தவர் இருபத்தாறில் அந்தத் தகுதியை எட்டுவார். பட்டம் முடித்து மூன்றாண்டில் சேர்ந்தவர் இருபத்தேழில். தொடக்கத்தில் பெரிதாகத் தெரிந்த ஓராண்டு இங்கே அத்தனை பெரிதாகத் தெரியவில்லை. தமிழ்நாட்டின் அந்தத் தேர்வில் சட்டத் தாள்களோடு மொழிபெயர்ப்புத் தாள் ஒன்றும் உண்டு: சாட்சியத்தையும் ஆவணங்களையும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் கொண்டுவர வேண்டும். கட்டாயத் தாள்கள் இருபதில் எதுவும் இதற்குப் பழக்குவதில்லை. ஐந்தாண்டு மாணவர் முதல் பருவத்திலிருந்தும், மூன்றாண்டு மாணவர் முதல் பயிற்சி நாளிலிருந்தும் தாமாகவே இதைத் தொடங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.